பழைய டிராம் பலகையை வெட்டி விற்பது ஏன் தவறு? வீட்டில் இருந்தால் எப்படிப் பாதுகாப்பது? முழு விளக்கம்

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் 'டிசையர்' என்று ஒரு தெரு இருக்கு. அந்தப் பக்கம் போகும் டிராமின் முகப்பிலும் 'டிசையர்' என்றுதான் எழுதியிருக்கும். டிசையர் என்றால் ஆசை. அந்த டிராமின் பெயரை வைத்து டென்னசி வில்லியம்ஸ் எழுதிய 'எ ஸ்ட்ரீட்கார் நேம்டு டிசையர்' நாடகம் 1947-ல் மேடையேறி உலகப் புகழ் பெற்றது. ஆனா, அடுத்த வருஷமே, 1948-ல், அந்த டிராம் வழித்தடம் மூடப்பட்டு பஸ் விடப்பட்டது.

நாடகம் இன்னைக்கும் ஓடுது. டிராம் போச்சு. ஒரு நகரத்தில் வண்டியே இல்லாமல் போன பிறகு மிஞ்சுவது என்ன? முகப்பில் தொங்கிய பெயர்ப் பலகை, கிழித்துக் கொடுத்த டிக்கெட், கண்டக்டரின் பேட்ஜ், டிரைவர் காலால் அடித்த மணி. இதையெல்லாம் தேடித்தேடிச் சேர்ப்பவர்கள் உலகம் முழுக்க இருக்காங்க. மியூசியங்களும் இருக்கு. இன்னொரு பக்கம், இதே பலகைகளைத் துண்டு துண்டாக வெட்டி, ஃபிரேம் போட்டு, ஓட்டலுக்கும் வீட்டு ஹாலுக்கும் அலங்காரப் பொருளாக விற்பவர்களும் இருக்காங்க.

இதில் என்ன பிரச்னை? பழைய பலகையையோ டிக்கெட்டையோ வீட்டில் எப்படிப் பாதுகாப்பது? ஒரு காலத்தில் டிராம் ஓடிய நம்ம சென்னையில் என்ன மிஞ்சியது? விவரமாகப் பார்க்கலாம்.

சுருள் பலகை என்றால் என்ன?

நாம் டிராம் என்று சொல்வதை அமெரிக்காவிலும் கனடாவிலும் 'ஸ்ட்ரீட்கார்' என்பார்கள். ஆரம்பத்தில் ஒரு வண்டி ஒரே வழித்தடத்தில்தான் ஓடும் என்பதால், ஊர்ப் பெயரை வண்டியின் மேலேயே பெயின்ட் அடித்துவிடுவார்கள். இல்லையென்றால் மரப்பலகையில் எழுதி மாட்டுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பயணிகளுக்காகச் சில நகரங்களில் வழித்தடத்துக்கு ஒரு நிறம் வைத்தார்கள். ஆம்ஸ்டர்டாமில் டிராம் எண்ணோடு நிறக் கட்டம் போடும் வழக்கம் இன்றும் தொடருது.

வழித்தடங்கள் பெருகியபோது ஒரே வண்டியைப் பல பக்கம் அனுப்ப வேண்டி வந்தது. ஒவ்வொரு முறையும் பலகையைக் கழற்றி மாட்டுவது பெரிய வேலை. அதற்கு வந்த தீர்வுதான் சுருள் பலகை. அமெரிக்காவில் 'ரோல்சைன்' என்றும் பிரிட்டனில் 'பிளைண்ட்' என்றும் இதற்குப் பெயர்.

அமைப்பு ரொம்ப எளிமை. நீளமான ஒரு துணி, மேலே ஒரு உருளை, கீழே ஒரு உருளை. துணியில் வரிசையாக ஊர்ப் பெயர்கள். டிரைவர் கைப்பிடியைச் சுற்றினால் துணி நகர்ந்து அடுத்த பெயர் கண்ணாடிக்கு நேராக வந்து நிற்கும். பெரும்பாலும் பின்னணி கருப்பாக இருக்கும், எழுத்து மட்டும் வெளிச்சம் ஊடுருவும்படி இருக்கும். உள்ளே பல்பு எரிந்தால் ராத்திரியிலும் தூரத்திலிருந்தே பெயர் தெரியும்.

பழைய சுருள்கள் பருத்தித் துணியிலோ லினன் துணியிலோ செய்யப்பட்டவை. எழுத்துகளைக் கையால் வரைந்தார்கள், ஒட்டினார்கள், பிறகு ஸ்கிரீன் பிரிண்டிங் வந்தது. அதற்கும் பிறகு பிளாஸ்டிக் ஷீட். கடைசியாக வந்தது இப்போது பஸ்ஸில் நாம் பார்க்கும் எல்.இ.டி. போர்டு. எல்.இ.டி. போர்டில் மின்சாரம் நின்றதும் பெயரும் போய்விடும். துணிச் சுருள் அப்படியில்ல. வண்டியை உடைத்த பிறகும் அதில் இருந்த எல்லாப் பெயரும் அப்படியே இருக்கும்.

டிராம்கள் எப்படிப் போயின?

மின்சார டிராம் பெரிய அளவில் முதன்முதலாக வெற்றி பெற்றது 1888-ல், அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரத்தில். பொறியாளர் ஃபிராங்க் ஸ்ப்ரேக் அமைத்தது. அடுத்த 20, 30 வருஷத்தில் உலகின் பெரிய நகரங்கள் பலவற்றில் டிராம் வந்துவிட்டது. பிறகு கார் வந்தது, பஸ் வந்தது. தண்டவாளத்தைப் பராமரிக்கும் செலவு டிராம் கம்பெனிகளை அழுத்தியது. 1930-களிலிருந்து 1960-கள் வரை நகரத்துக்கு நகரம் டிராமை நிறுத்தினார்கள்.

நிறுத்திய வண்டிகளை என்ன செய்தார்கள்? பல இடங்களில் தீ வைத்தார்கள். மர பாகங்கள் எரிந்த பிறகு இரும்பையும் செம்பையும் பொறுக்கி எடுத்து விற்பது எளிது. 1954-ல் அமெரிக்காவின் மினியாபொலிஸில் டிராம் நிறுத்தப்பட்டபோது, கம்பெனி அதிகாரிகள் சிரித்தபடி நிற்க, பின்னால் ஒரு டிராம் கொழுந்துவிட்டு எரியும் படம் இன்றும் பரவலாகப் பகிரப்படுது. லண்டனில் 1952 ஜூலை 5 அன்று கடைசி டிராம் ஓடியது. அங்கேயும் வண்டிகள் பழைய இரும்புக்காக உடைத்து எரிக்கப்பட்டன. தப்பிய சில வண்டிகளின் உடல்கள் கோழிக் கூண்டாகவும், தோட்டத்துக் கொட்டகையாகவும், சாப்பாட்டுக் கடையாகவும் மாறின.

ஒரு டிராம் வண்டியை வீட்டுக்குக் கொண்டுபோக யாராலும் முடியாது. ஆனா பலகையைக் கொண்டுபோகலாம். மணியைக் கழற்றலாம். டிக்கெட்டைப் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளலாம். இன்றைக்கு மியூசியங்களில் இருக்கும் சின்னச் சின்னப் பொருள்களில் பல, அப்படி யாரோ ஒரு ஊழியரோ பயணியோ எடுத்து வைத்தவை.

காப்பாற்றும் முயற்சி எங்கே தொடங்கியது?

1939-ல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ரயில் ஆர்வலர்கள் சிலர் காசு போட்டு, கைவிடப்படவிருந்த ஒரு டிராமை வாங்கினார்கள். 31-ம் எண் வண்டி. விலை 150 டாலர். அதுதான் இன்றைய 'சீஷோர் டிராலி மியூசியம்' உருவான கதை.

பிரிட்டனிலும் இதே கதைதான். 1948-ல் சவுத்தாம்ப்டன் நகரத்தின் 45-ம் எண் டிராமை ஆர்வலர்கள் 10 பவுண்டுக்கு வாங்கினார்கள். அந்த முயற்சி வளர்ந்து, 1959-ல் கிரிச் என்ற ஊரில் ஒரு பழைய கல் குவாரியில் டிராம் மியூசியமாக நிலைகொண்டது. இன்றும் அங்கே பழைய டிராம்களில் ஏறிப் போகலாம்.

சான்ஃபிரான்சிஸ்கோ இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே 1995-ல் தொடங்கிய 'எஃப்' வழித்தடத்தில் பழைய டிராம்களே அன்றாடப் போக்குவரத்துக்கு ஓடுது. வேறு வேறு நகரங்களின் பழைய நிறங்களில் வண்டிகளுக்குப் பெயின்ட் அடித்திருக்காங்க. இத்தாலியின் மிலான் நகரத்திலிருந்து வந்த 1928-ம் வருஷ மாடல் டிராம்களும் உண்டு. அவற்றுக்குள்ளே இத்தாலிய மொழி அறிவிப்புகளை அப்படியே விட்டுவைத்திருக்காங்க. பயணிகளுக்குப் புரியாவிட்டாலும் அது எந்த ஊர் வண்டி என்பதற்கு அந்த எழுத்துதான் சாட்சி.

கனடாவின் டொராண்டோவில் டிராம் நிற்கவே இல்லை. 1972-ல் மூடிவிடலாம் என்ற திட்டத்தை மக்கள் குழு ஒன்று போராடி மாற்ற வைத்தது. ஆனா அங்கேயும் பழைய மாடல் வண்டிகளின் கடைசி நாள் வந்தது. 2019 டிசம்பர் 29 அன்று அவை கடைசியாக ஓடின. அந்த வண்டிகளோடு சேர்ந்து சுருள் பலகையும் விடைபெற்றது. புதிய வண்டிகளில் மின்னணு போர்டுதான்.

வெட்டினால் என்ன நஷ்டம்?

இதுதான் முக்கியமான விஷயம். ஒரு முழுச் சுருள் பல மீட்டர் நீளம் இருக்கும். அதை யாரும் வீட்டுச் சுவரில் முழுசாக மாட்ட முடியாது. அதனால் வியாபாரிகள் சிலர் அதை வெட்டுகிறார்கள். கடற்கரை, சந்தை, ஸ்டேடியம் மாதிரி எல்லோருக்கும் தெரிந்த பெயர்கள் நல்ல விலைக்குப் போகும். ரெண்டு மூணு பெயர் அடுக்கடுக்காக வரும் துண்டும் ஃபிரேமுக்கு அழகு. மீதி?

மீதியில் இருப்பது பெரும்பாலும் யாருக்கும் தெரியாத சின்ன பேட்டைகளின் பெயர்கள். தொழிற்சாலை வாசல், டிப்போ, பாதி வழியில் வண்டி திரும்பும் இடம். அதற்கு வாங்க ஆள் இல்லை, அதனால் குப்பைக்குப் போகும். பிரபலமான இடத்தின் பெயர் நூறு புத்தகத்தில் இருக்கும். இந்தச் சின்ன இடத்தின் பெயர் இந்தத் துணியில் மட்டும்தான் இருந்திருக்கலாம்.

முழுச் சுருளைப் படிக்கத் தெரிந்தவருக்கு அது ஒரு ஆவணம். எப்படி என்று பாருங்க:

• பெயர்களின் வரிசையை வைத்து, அந்த டிப்போவிலிருந்து எந்தெந்த வழித்தடம் போனது என்று கண்டுபிடிக்கலாம்.

• நடுவில் வேறு துணி வைத்துத் தைத்திருந்தால், அந்த வழித்தடம் பிறகு சேர்க்கப்பட்டது என்று அர்த்தம்.

• ஒரு பெயர் கருப்பு மையால் மறைக்கப்பட்டிருந்தால், அந்த சேவை நின்றுபோனது அல்லது இடத்தின் பெயர் மாறியது என்று ஊகிக்கலாம்.

• ஒரு பகுதி மட்டும் ரொம்பத் தேய்ந்திருந்தால், அந்த இடத்துக்குத்தான் வண்டி அதிகம் போயிருக்கு.

• 'ஸ்பெஷல்', 'பொருட்காட்சி', 'டிப்போ மட்டும்' போன்ற வார்த்தைகள் அந்த நகரத்தின் அன்றாட வாழ்க்கையைச் சொல்லும்.

வெட்டிய பிறகு இதில் எதுவுமே மிஞ்சாது, தனித்தனிப் பெயர்கள்தான் மிஞ்சும்.

"அப்போ சுவரில் மாட்டவே கூடாதா?" என்று கேட்டால், மாட்டலாம். அதற்கும் வழி இருக்கு. வண்டியில் இருந்த மாதிரியே ரெண்டு உருளை வைத்த ஒரு பெட்டி செய்து, முழுச் சுருளையும் அதில் சுற்றி வைத்து, ஒரு நேரத்துக்கு ஒரு பெயர் மட்டும் தெரியும்படி வைக்கலாம். சில மாதத்துக்கு ஒரு முறை பெயரை மாற்றலாம். துணியும் வெட்டுப்படாது, ஒரே இடம் வெளிச்சம் பட்டு மங்கவும் செய்யாது. இன்னொரு எளிய வழி, நல்ல தரத்தில் படம் எடுத்துப் பிரிண்ட் போட்டு அதை மாட்டிவிட்டு, அசலை பத்திரமாக உள்ளே வைப்பது.

துணிச் சுருளை எப்படிப் பாதுகாப்பது?

துணிச் சுருளின் முதல் எதிரி மடிப்பு. பெயின்ட் பூசிய துணியை மடித்தால், மடித்த இடத்தில் பெயின்ட் வெடித்து உதிரும். அதனால் எப்போதும் சுருட்டித்தான் வைக்கணும். அதுவும் ஒல்லியான குழாயில் இறுக்கிச் சுற்றக் கூடாது. கொஞ்சம் பருமனான, அமிலம் இல்லாத அட்டைக் குழாயில், எழுத்து வெளிப்பக்கம் வரும்படி தளர்வாகச் சுற்றணும். நடுவே அமிலம் இல்லாத மெல்லிய டிஷ்யூ பேப்பர் வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டாது. மேலே துவைத்துக் காயவைத்த, சாயம் போடாத பருத்தித் துணியைச் சுற்றினால் போதும். பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டினால் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை வரும்.

ரெண்டாவது எதிரி வெளிச்சம். வெயிலில் மங்கிய நிறம் திரும்பி வராது. துணி, காகிதம் மாதிரி எளிதில் கெடும் பொருள்களுக்கு மியூசியங்களில் வழக்கமாக 50 லக்ஸ் அளவு வெளிச்சம்தான் வைப்பார்கள். நம்ம வீட்டு ஹாலின் ஜன்னல் வெளிச்சம் இதைவிட பல மடங்கு அதிகம். பின்னாலிருந்து விளக்குப் போட ஆசைப்பட்டால், சூடு தராத எல்.இ.டி.யைக் கொஞ்ச நேரம் மட்டும் போடுங்க. பழைய குண்டு பல்பு வேண்டாம்.

மூணாவது எதிரி ஈரமும் வெக்கையும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை பிடிக்கும் ஆபத்து அதிகம். சென்னை மாதிரி கடலோர ஊரில் இது சாதாரணம். பரண் வேண்டவே வேண்டாம், மொட்டை மாடிக்குக் கீழே வெயில் காலத்தில் அங்கே அனலாக இருக்கும். தரையோடு தரையாகவும் வைக்காதீங்க. உள் அறையில், வெளிச் சுவரை ஒட்டாத பீரோவின் நடுத் தட்டு நல்ல இடம்.

கண்டிப்பாகச் செய்யக் கூடாதவை: தண்ணீரில் நனைத்துத் துவைப்பது, இஸ்திரி போடுவது, கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டுவது, மங்கிய எழுத்துக்கு மேல் புது பெயின்ட் அடிப்பது. செல்லோடேப்பின் பசை சில வருஷத்தில் பழுப்பாகி துணிக்குள் இறங்கிவிடும், பிறகு எடுப்பது ரொம்பக் கஷ்டம். தூசியை மென்மையான பிரஷ்ஷால் மெதுவாகத் தட்டினால் போதும். பெயின்ட் உதிர்ந்தால் அந்த வேலையையும் நிறுத்திவிட்டு நிபுணரிடம் காட்டணும்.

எனாமல் பலகைக்கு என்ன செய்யணும்?

ஸ்டாப்பிங்கில் மாட்டியிருந்த பழைய பலகைகளில் பல எனாமல் பலகைகள். இரும்புத் தகட்டின் மேல் கண்ணாடித் தூளைப் பூசி, சுமார் 800 டிகிரி செல்சியஸ் சூட்டில் உருக்கி ஒட்டவைப்பார்கள். அதாவது மேலே இருப்பது பெயின்ட் இல்ல, கண்ணாடி. அதனால்தான் பல பத்தாண்டு வெயில், மழைக்குப் பிறகும் நிறம் பளிச்சென்று இருக்கு.

கண்ணாடி என்பதால் பலவீனமும் உண்டு. தட்டினாலோ வளைத்தாலோ சில்லு சில்லாகப் பெயரும். பெயர்ந்த இடத்தில் இரும்பு வெளியே வந்து துரு பிடிக்கும். பொதுவாக முதலில் கெடுவது ஸ்க்ரூ போட்ட ஓட்டைகளைச் சுற்றித்தான். மாட்டும்போது ஸ்க்ரூவை இறுக்காமல், நடுவில் ரப்பரோ நைலானோ வாஷர் போடணும்.

சுத்தம் செய்ய, மென்மையான துணியும் கொஞ்சம் மிதமான சோப்புத் தண்ணியும் போதும். துடைத்த உடனே ஈரம் இல்லாமல் காயவைக்கணும். கம்பி பிரஷ், உப்புத்தாள், பாத்ரூம் கழுவும் ஆசிட், புளி, எலுமிச்சை எதுவும் வேண்டாம். பெயர்ந்த இடத்தை புட்டி வைத்து பெயின்ட் அடித்து 'புதுசு' ஆக்கினால் சேகரிப்பாளர்களிடம் மதிப்பு குறையும். துரு மேலும் பரவாமல் இருக்க மியூசியங்களில் மெல்லிய மெழுகுப் பூச்சு கொடுப்பார்கள்.

டிக்கெட், பேட்ஜ், மணி

டிராம் டிக்கெட் அடித்த காகிதம் மலிவானது. ஒரு பயணத்துக்கு மட்டும் தாங்கினால் போதும் என்று செய்தது. அதில் இருக்கும் அமிலம்தான் அதை மஞ்சளாக்கி நொறுங்க வைக்குது. லேமினேஷன் போட்டால் நிரந்தரமாக இருக்கும் என்று பலர் நினைக்கிறாங்க. அது தவறு. சூடும் பசையும் காகிதத்தோடு ஒட்டிவிடும், பிறகு பிரிக்கவே முடியாது. பாலியெஸ்டர் கவரில் போட்டு, பசை இல்லாமல் ஆல்பத்தில் வைக்கலாம். பி.வி.சி. கவர் வேண்டாம். ஸ்டேப்ளர் பின், குண்டூசி, ரப்பர் பேண்ட் இருந்தால் முதலில் அதை எடுங்க.

பித்தளை பேட்ஜ், மணி, கைப்பிடி இதையெல்லாம் வாராவாரம் பாலிஷ் போட்டுப் பளபளப்பாக்குவதும் நல்லதில்ல. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உலோகம் தேயும், கடைசியில் எண்ணும் எழுத்தும் மழுங்கிப் போகும். கை பட்டால் வியர்வை உப்பு படியும், காட்டன் கையுறை போட்டு எடுங்க.

ஒரு எச்சரிக்கை: பழைய பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூள் மூச்சில் போகும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இன்னும் ஆபத்து. டிராமின் சில மின் பாகங்களில் அஸ்பெஸ்டாஸும் பயன்படுத்தியிருக்காங்க. தெரியாத பாகத்தைக் கழற்றி உடைக்க வேண்டாம்.

பொருளைவிட முக்கியம் அதன் தகவல்

மியூசியத்துக்கு ஒரு பொருள் போனால் முதலில் கேட்கும் கேள்வி, "இது எங்கிருந்து வந்தது?" என்பதுதான். பலகை நல்ல நிலையில் இருந்தாலும் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லையென்றால் அதன் மதிப்பு பாதியாகிவிடும். பழசாகி, கிழிந்திருந்தாலும், "இந்த டிப்போவில் வேலை பார்த்த எங்க தாத்தா, சேவை நின்ற அன்று கொண்டுவந்தார்" என்ற தகவல் இருந்தால் அது வரலாறு.

எழுதி வைக்க வேண்டியவை: எந்த ஊர், எந்த வண்டி எண் அல்லது டிப்போ, யாரிடமிருந்து எப்போது கிடைத்தது, நீள அகலம், என்னென்ன பெயர்கள் எந்த வரிசையில். பலகையின் மேலேயே பேனாவால் எழுதக் கூடாது. தனிக் காகிதத்தில் பென்சிலால் எழுதி கூடவே வையுங்க. சுருளை ஒரு முறை மெதுவாகப் பிரித்து, ஒவ்வொரு பெயரையும் வரிசையாக போன் கேமராவில் படம் எடுத்தாலே போதும். நாளைக்குத் துணிக்கு என்ன ஆனாலும் அந்த வரிசை பிழைக்கும். ஏற்கெனவே வெட்டிய துண்டு உங்களிடம் இருந்தாலும் இதைச் செய்யலாம். வெட்டு விளிம்பு தெரியும்படி படம் எடுத்து வைத்தால், வேறு ஒருவரிடம் இருக்கும் அடுத்த துண்டோடு பொருந்துதா என்று பார்க்க முடியும்.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

பழைய டிராம் பலகை மாதிரி புதுசாக அச்சடித்த அலங்காரப் பொருள்கள் சந்தையில் நிறைய இருக்கு. 'மாதிரி' என்று சொல்லி விற்றால் அதில் தப்பில்ல. அசல் என்று சொல்லி விற்பதுதான் மோசடி. வாங்கும் முன் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்க. எழுத்து முழுக்கச் சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரிந்தால் அது டிஜிட்டல் பிரிண்ட். அசல் சுருளில் ஓரங்கள் உருளையில் உரசித் தேய்ந்திருக்கும், பல்பின் சூட்டுக் கறை இருக்கும், மேலேயும் கீழேயும் உருளையில் ஒட்டிய அடையாளம் இருக்கும். பழுப்பு நிறம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருந்தால் சந்தேகப்படுங்க. பெயர்களையும் பழைய மேப்பில் சரிபாருங்க. ஒரே வழித்தடத்தில் வரவே முடியாத இடங்கள் அடுத்தடுத்து இருந்தால், அது டிசைனருடைய கற்பனையாக இருக்கலாம்.

அதே மாதிரி, இன்னும் ஓடும் வண்டியிலிருந்தோ டிப்போவிலிருந்தோ பலகையைக் கழற்றி எடுப்பது திருட்டு, அது பாதுகாப்பு ஆகாது. இந்தியாவில், நூறு வருஷத்துக்கு மேல் பழமையான, வரலாற்று முக்கியத்துவம் உள்ள பொருள்கள் 1972-ம் வருஷத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரும். அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

இந்தியாவில் நிலைமை என்ன?

இந்தியாவில் இப்போது டிராம் மிஞ்சியிருக்கும் ஒரே நகரம் கொல்கத்தா. 1873-ல் அங்கே குதிரை டிராம் ஓடியது, 1902-ல் மின்சார டிராம் வந்தது. 2024 செப்டம்பரில் மேற்கு வங்க அரசு, மைதானம் – எஸ்பிளனேட் இடையே ஒரு பாரம்பரிய வழித்தடத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற டிராம்களை நிறுத்தப்போவதாக அறிவித்தது. ஆர்வலர்கள் எதிர்த்தார்கள், விஷயம் உயர் நீதிமன்றம் வரை போனது. எஸ்பிளனேடில் 1938-ல் கட்டிய ஒரு டிராம் வண்டிக்குள்ளேயே 'ஸ்மரணிகா' என்ற மியூசியம் 2014-லிருந்து இருக்கு. பழைய டிக்கெட், பேட்ஜ், புகைப்படங்களை அங்கே பார்க்கலாம். சேவை சுருங்கும் இந்த நேரத்தில்தான் டிப்போக்களில் இருக்கும் பலகைகளும் பதிவேடுகளும் எடைக்குப் போகும் ஆபத்து அதிகம்.

மும்பையில் கடைசி டிராம் 1964 மார்ச் 31 அன்று ஓடியது. அங்கே 'பெஸ்ட்' நிறுவனம் ஆணிக் டிப்போவில் ஒரு மியூசியம் நடத்துது. ஆனா, நகரத்தின் நடுவே காட்சிக்கு வைக்க ஒரு டிராம் வேணும் என்று நினைத்தபோது, கொல்கத்தாவிலிருந்துதான் வாங்கி வரவேண்டி இருந்தது.

நம்ம சென்னை? இந்தியாவிலேயே முதல் மின்சார டிராம் ஓடியது இங்கேதான், 1895 மே 7-ல். மவுண்ட் ரோடு, பாரிமுனை, பூந்தமல்லி நெடுஞ்சாலை, ரிப்பன் மாளிகைப் பக்கமெல்லாம் டிராம் ஓடியது. 1921 வாக்கில் 97 வண்டிகளும் சுமார் 24 கிலோமீட்டர் தண்டவாளமும் இருந்தன. கம்பெனி நஷ்டத்தில் மூழ்கி, 1953 ஏப்ரலில் எல்லாம் முடிந்தது. 58 வருஷம் ஓடிய அந்த டிராமுக்கு என்று சென்னையில் ஒரு மியூசியம்கூட இல்ல.

உங்க வீட்டில் இருந்தால்?

1953-ல் பத்து வயசுப் பையனாக டிராமில் போனவருக்கு இப்போது 80 வயசு தாண்டியிருக்கும். டிராம் கம்பெனியில் வேலை பார்த்தவர்களின் பேரன், பேத்திகள் சென்னையில்தான் எங்கேயோ இருக்காங்க. பழைய டிரங்குப் பெட்டியில் ஒரு பாஸ், ஒரு பித்தளை பட்டன், ஒரு டிக்கெட் கட்டு, சீருடையில் எடுத்த ஒரு போட்டோ இருக்கலாம். டிராம்தான் என்று இல்ல, பல்லவன் காலத்துப் பஸ் டிக்கெட், கண்டக்டரின் தோல் பை, ரயில்வேயின் அட்டை டிக்கெட் எதற்கும் இதே விதிதான்.

• எடைக்குப் போடும் முன் பெட்டியை ஒரு முறை பாருங்க. கிழிந்தது, துரு பிடித்தது என்று தூக்கிப் போடாதீங்க.

• சுத்தம் செய்யும் முன் படம் எடுங்க.

• வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அந்தப் பொருளைக் கையில் கொடுத்துப் பேசச் சொல்லி போனில் பதிவு செய்யுங்க. அவசரமாகச் செய்ய வேண்டிய வேலை இதுதான்.

• நிறைய சேதம் ஆனதை நீங்களே சரிசெய்ய வேண்டாம். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930-லேயே தொடங்கிய பாதுகாப்பு ஆய்வகம் இருக்கு. 'இன்டாக்' அமைப்புக்கும் சில நகரங்களில் பாதுகாப்பு மையங்கள் உண்டு. அங்கே ஆலோசனை கேட்கலாம்.

• கொடுக்க மனசு இருந்தால் அருங்காட்சியகத்துக்கோ நூலகத்துக்கோ எழுத்துப்பூர்வமாகக் கொடுங்க. கொடுக்க மனசு இல்லையென்றாலும் பரவாயில்ல, படத்தையும் தகவலையும் மட்டும் பகிர்ந்தால்கூட ஆய்வு செய்பவர்களுக்கு உதவும்.

1939-ல் மெய்ன் மாநிலத்தில் அந்த வண்டியை வாங்கியவர்கள் கையில் மியூசியமும் இல்ல, பெரிய பணமும் இல்ல. அடுத்த நாள் உடைக்கப்போகும் ஒரு பொருளை இன்னைக்கே எடுத்து வைக்கணும் என்ற எண்ணம் மட்டும்தான் இருந்தது. சென்னை டிராமின் வண்டிகளுக்கு அது நடக்கவில்ல. பெட்டிகளில் கிடக்கும் டிக்கெட்டுக்கும் பேட்ஜுக்கும் இன்னும் நேரம் இருக்கு.